கீறல் விழாமல் சைக்கிள் ஏற்றும் விதம்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. குடிக்க மாட்டார், அடுத்தவரைப் பற்றிப் புறம் பேச மாட்டார், கைக்கு வந்த சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். எல்லாம் சரிதான். ஆனால் அவரோடு சேர்ந்து ஒரே ஒரு சைக்கிளைக் காரில் ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவரை நல்ல மனுஷன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்தால், என்னைவிடப் பொறுமைசாலி நீங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பட்டறையில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘கீறல்’. வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவதற்குள் எந்தக் கதவில், எந்த உயரத்தில், எதனால் பட்டது என்று சொல்லிவிடுவார். இது சாவி, இது பூனை, இது பக்கத்து வீட்டுக்காரன் என்று மூன்று கோடுகளுக்கு மூன்று காரணம் சொல்லி, அந்த வண்டிக்காரர் நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்ட கதை எல்லாம் உண்டு. நாள் முழுக்க ஊரார் வண்டியின் கீறலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்ற வேண்டாமா? தோன்றாது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் எங்கள் காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்.

எங்கள் கார் ஒரு விபத்து வண்டி. சொந்தக்காரரே வேண்டாம் என்று பட்டறை மூலையில் விட்டுவிட்டுப் போன ஜடம். மகள் நடை பழகிய நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அதைத் தட்டி நிமிர்த்தி, பள்ளங்களுக்குப் பட்டி பூசி, தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் தேய்த்து ஒரு உருவத்துக்குக் கொண்டுவந்தார். நிறத்தையும் அவரேதான் கலந்தார். பெரிய மழைக்கு முன்னால் வானம் கறுத்துக்கொண்டு வருமே, அப்படி ஒரு நீலம். பொய் சொல்லக் கூடாது, நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எதில் எவ்வளவு கலந்தீர்கள், எழுதி வைத்தீர்களா என்று கேட்டேன். கண் அளவுதான் என்றார். மிச்சம் இருந்தது டப்பாவிலேயே காய்ந்து கட்டியாகிவிட்டது. பிறகு நாலைந்து தடவை அதே நீலத்தைக் கொண்டுவரப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ ஒரு நீலம்தான் வந்தது. ஆகவே அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான், அதை மூட உலகத்தில் வேறு பெயிண்ட் கிடையாது. இதுதான் அவர் தரப்பு நியாயம். நியாயத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அந்தக் காரில் ஏறுவதற்கு நான் வளையலைக் கழற்ற வேண்டும். பானட்டின் மேல் பையை வைக்கக் கூடாது, சாவியை வைக்கக் கூடாது, கையைக்கூட ஊன்றக் கூடாது. வண்டியின் மேல் எதையும், எப்போதும், ஒரு நொடிகூட வைக்கக் கூடாது. போனை முன்னால் மாட்டுகிற ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தேன். அதன் ரப்பர் ஒட்டினால் டேஷ்போர்டில் வட்டம் விழுமாம். அதனால் போன் எப்போதும் எதிரே இருக்கிற சின்ன டப்பாவுக்குள், சத்தம் நிறுத்தப்பட்டு, துணிக்குள் தூங்கும். வண்டி ஓட்டும்போது இந்த மனுஷனைக் கூப்பிடுவதும் சுவரைக் கூப்பிடுவதும் ஒன்று.

இப்படிப்பட்டவர் வீட்டிலா ஒரு சைக்கிள் பந்தயக்காரி வந்து பிறக்க வேண்டும்? எங்கள் மகள் பள்ளி மைதானத்தில் யாருடைய சைக்கிளையோ வாங்கி ஓட்டியதைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைக்குக் காலில் பலம் இருக்கிறது, நிதானமும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய பந்தய சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அதற்கும் அவரே பெயிண்ட் அடித்து, மகளோடு விடிவதற்குள் எழுந்து, அவள் பின்னாலேயே தன் ஸ்கூட்டரில் விளக்கைப் போட்டுக்கொண்டு போவார். பிரச்சினை சைக்கிளில் இல்லை. அதை வெளியூர்ப் பந்தயத்துக்குக் காரில் கொண்டுபோவதில்தான்.

முதலில் காரின் பின்பக்கத்தைக் கழுவ வேண்டும். ஏற்கெனவே கழுவிய காரைத்தான். சைக்கிளை மாட்டும் ஸ்டாண்டின் ரப்பருக்கு அடியில் ஒரு பொட்டு மண் இருந்தாலும், போகிற வழியெல்லாம் அது பெயிண்டை அரைத்துக்கொண்டே வருமாம். காய்ந்த பிறகு ஒரு போர்வை. அது துவைத்த போர்வையாக இருக்க வேண்டும். எனக்குக்கூட இந்த வீட்டில் அத்தனை சுத்தமான போர்வை கிடைத்ததில்லை. அதன் மேல் ஸ்டாண்டு. ஸ்டாண்டின் பட்டைகளை இழுத்து இறுக்கி, மிச்ச நுனி காற்றில் படபடக்காமல் சுருட்டிக் கட்ட வேண்டும். இரும்புக் கொக்கிகளுக்கு எல்லாம் பழைய டியூபை வெட்டிச் சட்டை. பிறகு சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி உறையில் போட வேண்டும், ஹேண்டில் திரும்பாமல் ஒரு கட்டு, பின் சக்கரம் சுற்றாமல் ஒரு கட்டு. செயின் இருக்கும் பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும். இத்தனைக்கும் நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் தூக்கு என்பார், தூக்கினால் இறக்கு என்பார், இறக்கினால் அசையாதே என்பார். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வெளியே வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டாள்.

கடைசியில் பெடல்கள். ஒருமுறை பெடல் முனை டிக்கிக் கதவில் பட்டு அரிசி அளவுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அது எங்கே என்று என்னால் காட்ட முடியாது, அவருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து பெடல் இரண்டையும் கழற்றி, பழைய காலுறையில் ஒவ்வொன்றாகப் போட்டு முடிச்சுப் போடுவது வழக்கமாகிவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் இதையெல்லாம் திரும்பப் பூட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றும்போது எங்கள் பிள்ளை காரின் பின்னால் முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிற்பாள். எத்தனை பந்தயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கோட்டில் நின்றிருக்கிறாள் தெரியுமா? நான் கத்துவேன். மகள் கத்த மாட்டாள். அப்பாவின் சுபாவம் அது என்று விட்டுவிடுவாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இந்த வருஷம் அணித் தேர்வு வந்தது. ஆறு பெண்களை எடுத்து, விளையாட்டு விடுதியில் தங்கவைத்து, படிப்பும் கொடுத்து, முறையான பயிற்சியும் கொடுப்பார்கள். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இருந்தது இந்த ஒரு தேர்வுதான். வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. மகள் ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு, அம்மா, வராட்டி என்ன பண்றது என்று கேட்பாள். வராமல் எங்கே போகும், சாப்பிடு என்று அதட்டுவேன். பல் மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிற நான், இதே நினைப்பில் எத்தனை பெயரை மாற்றி மாற்றி எழுதினேனோ தெரியாது.

தேர்வு நாள் காலையில் வழக்கம்போல் கழுவல், போர்வை, கட்டு. பெடல்களைக் கழற்றிக் காலுறையில் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கொக்கியின் டியூப் விலகியிருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், உயிர் போகிற மாதிரி பதறி வேறு டியூப் தேட உள்ளே ஓடினார். கையில் இருந்த காலுறைகளை எங்கே வைப்பது? வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் கைக்கு எட்டின இடத்தில், கார் மேலேயே வைத்திருப்பான். கிளம்பும்போது கண்ணில் பட்டிருக்கும். இவர்தான் வண்டி மேல் எதையும் வைக்க மாட்டாரே. ஒதுங்கிப் போய் மதில்சுவர் மேல் வைத்திருக்கிறார். டியூபை மாட்டி, எல்லாவற்றையும் மூன்று முறை இழுத்துப் பார்த்து, திருப்தியாகக் கையைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். காலுறைகள் மதில்சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

தேர்வு நடக்கும் இடத்துக்கு இரண்டு வழி. ஒன்று, கல்குவாரி வழியாகப் போகிற குறுக்கு வழி. லாரிகள் ஓடி ஓடி ரோடு முழுக்கச் சரளை, முன்னால் போகிற லாரி கல்லை வாரி அடிக்கும். இன்னொன்று ஊரையே சுற்றிக்கொண்டு போகிற வழவழப்பான பெரிய ரோடு. எங்கள் கார் எதில் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அதிசயமாக அன்று நேரம் கையில் இருந்தது. மகள் கை கால்களை உதறிக்கொண்டு இறங்கினாள், அவர் முடிச்சுகளை அவிழ்த்தார், நான் சக்கரத்தை உறையிலிருந்து எடுத்தேன். பெடல் எங்கே என்று மகள் கேட்டாள்.

அவர் முன்பக்கம் போய்ப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

“மதில் மேல வச்சேன்” என்றார்.

என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் இருந்த பெற்றோர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். பயிற்சியாளர் ஓடி வந்தார். அவள் போட்டிருந்த பந்தயக் காலணியின் அடியில் ஒரு தகடு இருக்கும், அது அந்தப் பெடலில் மட்டும்தான் மாட்டும். எங்களுடையது பழைய ரகம், அங்கே வந்திருந்த யாரிடமும் அது இல்லை. நல்ல காலம், தேர்வில் எல்லோரும் ஒன்றாக ஓடுவதில்லை. ஒவ்வொருவராக விட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் நடுவரிடம் போய்க் கெஞ்சினார். நடுவர் நல்லவர், இந்தப் பிள்ளையைக் கடைசியில் விடுகிறேன், அதற்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். குவாரி வழியாகப் போய்க் குவாரி வழியாக வந்தால் நேரம் போதும். பெரிய ரோட்டில் போனால் கண்டிப்பாகப் போதாது.

“இதோ வந்துடறேன் பாப்பா” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

மைதானத்து வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. அதில் வண்டியை எப்படி ஏற்றினார் தெரியுமா? எப்போதும் போலத்தான். நின்று, கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை ஏற்றி, இறக்கி, அடுத்த சக்கரத்தை ஏற்றி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். பழக்கம், கால் தானாகச் செய்கிறது. நானும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் மாறியதைக் கண்டேன்.

போட்டி தொடங்கியது. ஒவ்வொரு பெண்ணாகக் கோட்டில் வந்து நின்று புறப்பட்டுப் போனாள். நான் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், அதுதான் துணிக்குள் தூங்குகிறதே. எந்த வழியில் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் எனக்கு. மறுபடியும் போட்டேன், மறுபடியும் போட்டேன். கடைசியில் போனை வீசியெறியலாம் போல வந்தது.

கோட்டில் நின்ற வரிசை பாதியாகக் குறைந்தபோது மகள் என்னிடம் வந்தாள்.

“அம்மா, அப்பா எந்த ரோட்டுல போயிருப்பார்?”

“குவாரி ரோட்டுலதான். இன்னைக்கு அதுலதான் போவார்.” எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொன்னேன்.

“வேகத்தடையில எப்படி ஏத்தினார்னு நீயும்தானே பார்த்த.”

கடைசி வரை காத்திரு, நடுவர்தான் ஒப்புக்கொண்டாரே என்றேன். அப்பா வரவில்லையென்றால் ஓட்டவே முடியாமல் போய்விடும் என்றாள். பயிற்சியாளர், முடிவு உன்னுடையது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் சைக்கிளில் சாதாரணப் பெடல் இருந்தது. அந்த மனுஷன் கேட்டவுடன் கழற்றிக் கொடுத்தார், ஆனால் கடைசி வரை தன்னால் இருக்க முடியாது, இப்போதே ஓட்டிவிட வேண்டும் என்றார். அந்தப் பெடலில் பந்தயக் காலணி வழுக்கும். நான் என் கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். அவளுக்கு அது கொஞ்சம் பெரிசு. நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினேன். அவள் குனிந்து என் தலையைத் தொட்டு, போதும்மா, இறுக்காதே என்றாள்.

அவள் ஓட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆனால் ஏற்றத்தில் கால் இரண்டு முறை பெடலிலிருந்து நழுவியதை நான் என் கண்ணால் பார்த்தேன். முடித்து வந்தபோது பலகையில் அவள் பெயர் ஐந்தாவது இடத்தில் ஏறியது. எனக்கு உயிர் வந்தது. அடுத்து வந்த பெண் அவளை ஆறாவது இடத்துக்குத் தள்ளினாள். அதற்கடுத்தவளால் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் அடுத்தவள் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் முந்திவிட்டாள். மகளின் பெயர் ஏழாவதாக இறங்கியது. மகள் பலகையைப் பார்த்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினாள். ஒருவரை ஒருமுறைதான் விடுவார்கள், மறுமுறை என்ற பேச்சே கிடையாது. கோட்டில் இன்னும் நாலைந்து பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் வாசலில் டம் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் கார் வேகத்தடையில் வேகம் குறைக்காமல் ஏறி, அடி தரையில் மோதி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. எங்கள் கார்தானா என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. முன் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல். பானட் முழுக்கக் கல் பட்டுப் பட்டு அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. இடது பக்கம், முன் கதவிலிருந்து பின் விளக்கு வரைக்கும், லாரியை உரசிக்கொண்டு நுழைந்திருக்கிறார், பெயிண்ட் சுருண்டு தகரம் பளபளத்தது. பம்பரின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, இரண்டு கைகளிலும் காலுறைகளோடு ஓடி வந்தார்.

ஓடி வந்தவர் சைக்கிளில் பூட்டியிருந்த பெடலைப் பார்த்தார். மகள் காலில் இருந்த என் ஷூவைப் பார்த்தார். ஓட்டம் நடையாகி நின்றுவிட்டது.

நான் சும்மா இருந்தேனா? போனை எடுத்தால் என்ன கேடு, எந்த ரோட்டில் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை காத்திருந்திருப்பாளே, உங்கள் டேஷ்போர்டில் வட்டம் விழுந்தால் உலகமா முழுகிப் போகும் என்று பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கோட்டில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

“இன்னும் ஆளுங்க நிக்கிறாங்களே பாப்பா. உன்னைக் கடைசியிலதானே விடறதாச் சொன்னாங்க?”

மகள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் பெயர் இறங்கியபோது அழாதவளுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“குவாரி வழியாவா வந்தீங்க?”

“பின்ன வேற எப்படி வர்றது? போனதும் அதுலதான்.” அவருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. கையிலிருந்த காலுறைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நான் அதுல வருவேன்னு உனக்குத் தோணலையாம்மா?”

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரிடம் அவள் பொய் சொல்லிப் பழகியதில்லை.

“இல்லப்பா.”

அவர் தலையை ஆட்டினார். “நியாயம்தான்” என்றார்.

நடுவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மிச்சமிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போவதை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.